அடுப்பு எரியாத வியாழக்கிழமை

ஜனவரி 11, புதன்

காற்று கெட்டதை விசாரிக்கும் மாவட்டக் குழுவிலிருந்து இன்றும் ஒரு அதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மூக்கில் கைக்குட்டை. எங்கள் காற்று ஆய்வு நிலையத்தின் படியில் நின்றபடி பள்ளத்தில் தெரியும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளைப் பார்த்தார்.

"இத்தனை வீட்டுலயும் விறகு அடுப்பா? அப்புறம் பிள்ளைங்களுக்குக் கண்ணு எரியாம என்ன செய்யும்?"

கருவிகளைக் காட்டுகிறேன், உள்ளே வாருங்கள் என்றேன். நேரமில்லையாம். தேயிலை எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் சாப்பாடு காத்திருந்தது. அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

பனிக்கோம்பை மலையில் கேஸ் சிலிண்டர் வண்டி மேலே ஏறாது. கொழுந்து பறிக்கிறவர்கள் விறகில் சமைக்காமல் எதில் சமைப்பார்கள்? மூன்று தலைமுறையாக விறகில்தான் சமைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டுவதும் கண்ணில் நீர் கொட்டுவதும் போன வருடத்திலிருந்துதான். இதைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

கருவியில் தூசு பிடிக்கும் வடிதாளை மாற்றினேன். குரங்கு வந்து கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்துவிட்டது. அதன் மேலும் கோபம்.

ஜனவரி 19, வியாழன்

காலையில் மறுபடியும் வந்தது. வாசலைத் திறந்ததும் தீக்குச்சி உரசியது போல ஒரு நெடி. திரையில் கந்தக டை ஆக்சைடு செங்குத்தாக ஏறி நிற்கிறது. ஓசோனும் கூடவே. கார்பன் மோனாக்சைடு கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது.

குபேந்திரன் கருவியைத் தட்டிப் பார்த்தான். அவன்தான் இங்கே டெக்னீஷியன். இந்த நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர்.

"அடுப்புப் புகைன்னா மோனாக்சைடுல்ல மேடம் எகிறணும்? இது தலைகீழா இருக்கு."

"விறகுல கந்தகம் எங்க இருக்கு? இது நிலக்கரி."

"மலையில ஏது மேடம் நிலக்கரி?"

ஏதும் இல்லை. அதுதான் விஷயம். காற்றுக்கும் வயது உண்டு. எரியும் இடத்திலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு புதிதாகக் கிளம்பும். வெயிலில் பயணம் செய்யச் செய்ய வேறு வேறு சேர்மங்களாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இன்று வந்தது கிழட்டுக் காற்று. பக்கத்து அடுப்பிலிருந்து வந்தால் இந்த வயது வராது. காற்று வந்த வழியைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். கோடு கிழக்கே போய், சமவெளியைத் தாண்டி, கடற்கரையில் மணல்கரைக்குப் பக்கத்தில் நின்றது.

மணல்கரையில்தான் அனல்மின் நிலையம் இருக்கிறது. அங்கேதான் அண்ணன் ஷிப்ட் என்ஜினியர்.

லைன் வீட்டிலிருந்து ஒச்சம்மா எங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டு வந்தாள். கூடவே அவள் கணவன் காசி. கூரை ஏணிக்குக் கயிறு கட்டித் தர வந்தவர் நான்கு படி ஏறுவதற்குள் மூன்று முறை நின்றார்.

"டாக்டரம்மா, ஒங்க மெசினு என் இருமலைக் கண்டுபிடிக்குமா?"

நான் அந்த டாக்டர் இல்லை என்று நூறாவது முறையாகச் சொன்னேன். சிரித்தார். சிரிப்பே இருமலாக மாறியது.

சாயங்காலம் அண்ணனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நெடி, கிழக்குக் காற்று, காசியின் மூச்சு.   எல்லாம் கேட்டுவிட்டு, "சாப்ட்டியா?" என்றான்.

ஜனவரி 27, வெள்ளி

அண்ணன் கூப்பிட்டான். "ஏட்டி யூனிசு, அம்மைக்கு முடியல. திங்கக்கெழமை இறங்கி வந்துரு. ஒரு வாரம் இருந்துட்டுப் போ."

அம்மாவிடம் பேசினேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் லீவு போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 1, புதன்

அம்மாவுக்கு ஒன்றுமில்லை. மூட்டு வலி. எப்போதும் இருப்பது.

வீட்டு மாடியிலிருந்து அனல்மின் ஆலையின் புகைபோக்கி தெரிகிறது. கடற்கரை வானம் கழுவி வைத்தது போல இருக்கிறது. அண்ணன் பெருமையாகச் சொன்னான்: "எவ்வளவு உயரம் பார்த்தியா? இந்த ஊருல ஒருத்தருக்கு ஒரு தும்மல் கிடையாது."

"உயரத்துல விட்டா அது எங்க போகும்னு யாராவது கேட்டீங்களா?"

"பொங்கல் கழிச்சு வந்தா மீன் குழம்பு வைக்கணும்னு சொன்னியே, சீலா கிடைச்சிருக்கு" என்று கீழே இறங்கிப் போனான்.

பிப்ரவரி 6, திங்கள்

காசி செத்துப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில். மலை முழுக்க அந்த நெடியாம். தேயிலைக்கு நடுவே வடிகால் கான் வெட்டப் போனவர் பாதியில் திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எஸ்டேட் ஜீப் மேனேஜரின் விருந்தாளிகளை அருவிக்குக் கூட்டிப் போயிருந்தது. ஒச்சம்மா இங்கே ஓடி வந்திருக்கிறாள். "டாக்டரம்மா, டாக்டரம்மா" என்று கதவைத் தட்டியிருக்கிறாள். குபேந்திரன்தான் பைக்கில் காசியை நடுவில் வைத்து, பின்னால் அவள் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்கு இறங்கியிருக்கிறான். மலைப்பாதையில் பாதி வளைவுகள் தாண்டும் முன்னே தலை சாய்ந்துவிட்டது.

நான் அந்த நேரத்தில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 7, செவ்வாய்

வியாழன் முதல் ஞாயிறு வரையிலான அளவுகளைப் பார்த்தேன். நான் இங்கே வந்த நாளிலிருந்து கந்தகம் இவ்வளவு உயரம் போனதில்லை.

அண்ணனின் அழைப்பு மூன்று முறை வந்தது. எடுக்கவில்லை. வேலை இருந்தது.

பிப்ரவரி 15, புதன்

மாவட்டக் குழுவின் அறிக்கை வந்துவிட்டது. நிலையத்தின் அளவுகளை யாரும் கேட்கவில்லை. பனிக்கோம்பையின் காற்று கெட்டதற்கு லைன் வீடுகளின் விறகு அடுப்பே காரணம். உதாரணத்துக்கு ஒரு மரணம். காசியின் பெயர், வயது, "சொந்த வீட்டுச் சமையல் புகையால் ஏற்பட்ட மூச்சடைப்பு." தொழிலாளர் குடும்பங்களைச் சமவெளிக்கு மாற்றிக் குடியமர்த்தலாம் என்று பரிந்துரை. லைன் வீடுகளை இடித்தால் அங்கே என்ன வரும் என்று மலைக்கே தெரியும்: சொகுசு விடுதி. மேனேஜரின் விருந்தாளிகள் அருவி பார்க்கவா வந்தார்கள்?

ஒச்சம்மா அந்தத் தாளை என்னிடம் கொண்டு வந்தாள். படித்துக் காட்டச் சொன்னாள். சில வரிகளை விட்டுவிட்டுப் படித்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.

"முழுங்காம படிங்கம்மா."

படித்தேன்.

"எங்க வீட்டு அடுப்பு பத்தவைக்கிறது நானு. அப்ப நாந்தான அவரைக் கொன்னேன்? அதைத்தான எழுதிருக்காக?"

"இல்ல ஒச்சம்மா. பொய் எழுதியிருக்காங்க."

"பொய்யின்னு ஒங்களுக்குத் தெரியும். எம்மாமியாளுக்குத் தெரியுமா? காலையில இருந்து எங்கூடப் பேச மாட்டேங்குது."

அவள் அழவில்லை. தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். நான்தான் மேஜையைக் குத்தினேன். கை வீங்கிவிட்டது.

பிப்ரவரி 16, வியாழன்

சென்னையில் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் நீலமேகம் சார். நேற்று அளவுகளை அவருக்கு அனுப்பி, குழுவுக்கு மறுப்பு எழுதச் சொல்லியிருந்தேன். இன்று போன் வந்தது.

"யூனிஸ், பிப்ரவரி முதல் வாரத்து டேட்டாவைக் கருவிக் கோளாறுன்னு குறிச்சிடுங்க."

"கருவி நல்லாத்தான் சார் இருக்கு."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்."

"ஒரு ஆள் செத்திருக்கார் சார்."

"நம்ம வேலை காத்தை அளக்கறது. சாவை அளக்கறது இல்ல."

குறிக்க மாட்டேன் என்றேன். சரி, நானே குறித்துக்கொள்கிறேன் என்றார். மதியத்துக்குள் அந்த வாரம் முழுவதும் திரையில் சாம்பல் நிறமாகிவிட்டது. செல்லாத அளவுகளுக்கு அந்த நிறம். பதினைந்து வருடமாக இந்த மனிதரின் பாடங்களை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது.

பிப்ரவரி 24, வெள்ளி

வீடுகளைக் காலி செய்ய நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

இனி அளவுகளைச் சொல்லிப் பயனில்லை. பழையதைச் சாம்பலாக்கிவிட்டார்கள், புதியதையும் ஆக்குவார்கள். அவர்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். லைனுக்குப் போனேன். பெண்கள் எல்லாரும் குழாயடியில் கூடியிருந்தார்கள். சொன்னேன்: கிழக்குக் காற்று வரும் ஒரு நாளில் மலையில் ஒரு அடுப்புகூட எரியக் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே அணைத்துவிட வேண்டும். அதிகாரியைக் கூட்டி வந்து உட்கார வைப்போம். அடுப்பே இல்லாமல் நெடி வந்தால் என்ன சொல்வார்கள்?

முன்னால் நின்ற ஒரு பெண் குடத்தை டங்கென்று வைத்தாள்.

"தப்பு செஞ்சவன் ஆலைய அணைக்க மாட்டான். நாங்க அடுப்ப அணைச்சுப் பட்டினி கெடக்கணுமா? நல்லாருக்கும்மா ஒங்க நியாயம்."

 அவள் சொன்னது சரி.

"காத்து வரும், ஆனா அந்த நெடி வராமப் போச்சுன்னா?" என்றாள் இன்னொருத்தி. "அன்னைக்குன்னு பாத்து ஆலைக்காரன் ஒழுங்கா இருந்துட்டான்னா? அடுப்பு அணைஞ்சுச்சு, காத்து சுத்தமாச்சுன்னு அதையே எழுதிருவாகளே?"

அதுவும் சரிதான். திரும்பி நடந்தேன். ஒச்சம்மா பின்னால் வந்தாள்.

"நாளச் சொல்லுங்க. நான் அணைக்க வைக்கிறேன். ஆனா தப்பாச் சொல்லிறாதீக."

மார்ச் 5, ஞாயிறு

அண்ணன் கூப்பிட்டான். ஒரு மாதத்துக்குப் பிறகு எடுத்தேன்.

"வியாழக்கெழமை இறங்கி வந்துரேன். பிள்ளைக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா."

"வியாழன் மட்டும்தானா?"

"ரெண்டு நாளு இருந்துட்டுப் போ."

"ஏன்?"

போனை வைத்துவிட்டான். நானும் மறுபடி கூப்பிடவில்லை. வானிலைக் கணிப்பைப் பார்த்தேன். புதன் இரவிலிருந்து கிழக்குக் காற்று.

ஒச்சம்மாவிடம் போய் வியாழன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 9, வியாழன்

கோட்டாட்சியர் வந்தார். நான் எழுதிய கடிதத்தைவிட, லைன் பெண்கள் அவர் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்ததுதான் வேலை செய்தது. நடுவயதுப் பெண். கண்டிப்பான முகம். விடிந்ததும் ஒவ்வொரு வீடாக நுழைந்து அடுப்பில் கையை வைத்துப் பார்த்தார். எல்லாம் சில்லென்று கிடந்தன. மேனேஜர் பங்களாவிலும் அணைக்க வைத்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

எல்லாரும் நிலையத்து முற்றத்தில் கூடினோம். பிள்ளைகளை மட்டும் மேற்குச் சரிவில் இருக்கும் கோயிலுக்கு அனுப்பியிருந்தோம். பெண்கள் பழைய சோற்றைக் கரைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். குபேந்திரன் திரையை வாசலில் தூக்கி வைத்தான்.

ஒன்றும் வரவில்லை. கோடு தரையோடு தரையாக ஓடியது. வெயில் ஏறியது. கோட்டாட்சியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் சிரித்தபடி, "அடுப்பை அணைச்சதும் காத்து எவ்ளோ சுத்தமாயிருக்கு பாருங்க மேடம்" என்றார். குடத்தை வைத்த அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஒச்சம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதவே கூசுகிறது. அந்த நஞ்சு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அண்ணன் நான் நினைத்தபடியே இருக்க வேண்டும் என்றும்.

முதலில் கேட்டது யாரோ இருமியது. பிறகு இன்னொருவர். பள்ளத்தாக்கின் வாயில் ஒரு மங்கல் படிந்து மேலேறியது. தீக்குச்சி நெடி. திரையில் கோடு நிமிர்ந்தது, நிமிர்ந்துகொண்டே போனது. கோட்டாட்சியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே வந்தார்.

"இது எது?"

"கந்தகம் மேடம். இது ஓசோன். கீழ இருக்கிற இந்தக் கோடுதான் அடுப்புப் புகையில ஏற வேண்டியது. அது படுத்தே கிடக்கு பாருங்க."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். ஒச்சம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"எந்த அடுப்பு சார் எரியுது இப்ப? சொல்லுங்க. எந்த வீட்டு அடுப்பு?"

யாரும் அவளைப் பின்னால் இழுக்கவில்லை. கோட்டாட்சியரும் இழுக்கவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

கோட்டாட்சியர் நோட்டீஸை நிறுத்தி வைத்துவிட்டார். குழுவின் அறிக்கையையும் திருத்தி அனுப்பினார்கள். விறகு அடுப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு, "காரணம் உறுதி செய்யப்படவில்லை" என்று போட்டிருக்கிறார்கள். ஒச்சம்மாவுக்குப் படித்தேன்.

"நான் இல்லன்னு போட்டுட்டாக."

"ஆமா."

"யாருன்னு போடலையே?"

"போடல."

"அப்ப இது எதுக்கு?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கும் ஒரு தாள் வந்தது. இடமாற்றம், சென்னைத் தலைமை அலுவலகத்தில், நூலகப் பிரிவுக்கு. நிலையத்தைத் தற்காலிகமாக மூடுகிறார்களாம். நான் ராஜினாமா எழுதி அனுப்பினேன். நீலமேகம் சாருக்கு ஒரு வரி மட்டும்: கருவி நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 3, திங்கள்

பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆலைக்கு எதிரான வழக்கு. ஒச்சம்மா மனுதாரர். நான் சாட்சி. மதுரையில் வக்கீல் மெஹருன்னிசாவைப் பார்த்தோம். எல்லாம் கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடினார்.

"ஒரு ஓட்டை இருக்கு. வியாழக்கிழமை காத்து கிழக்கே இருந்து வரும்னு கணிப்பு சொல்லும். கந்தகத்தோட வரும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? எதிர்த்தரப்பு முதல்ல இதைத்தான் கேப்பாங்க. நீங்களே ஏதோ எரிச்சு செட்டப் பண்ணீங்கன்னு முடிச்சிடுவாங்க."

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். முதன்முறையாக ஒச்சம்மாவின் முன்னால். ஆலையில் கந்தகத்தை வடிக்கும் அமைப்பை என்றைக்கு நிறுத்திவைத்து ஓட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த நாட்களில்தான் என்னைக் கீழே கூப்பிட்டான். இரண்டு முறை.

"அவர் பேரைச் சொன்னா அவர் வேலை போயிடும் மேடம்," என்றேன் வக்கீலிடம். "கேஸும் போடுவாங்க. கொஞ்சம் யோசிக்கணும்."

ஒச்சம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரர் பேரை அந்த அறிக்கையில போட்டாகளே. யோசிச்சா போட்டாக?"

பஸ்ஸில் திரும்பும்போது வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர். கோயில் முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி அடுக்களையில் இருந்தாள். அண்ணன் வெள்ளைச் சட்டையில் இருந்தான். எதுவும் சுற்றி வளைக்கவில்லை.

"உன் பேரை எழுதப் போறேன். கேக்க வரல. சொல்ல வந்தேன்."

"என்னட்டி சொல்லுத?"

"வடிக்கிற அமைப்பை நிறுத்திட்டு ஓட்டுறீங்க. உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சு என்ன? மேல இருந்து உத்தரவு வருது. லோடு ஏறுதுன்னா அதை நிறுத்துன்னு சொல்லுவான். நான் நிறுத்தலன்னா அடுத்த ஷிப்ட்காரன் நிறுத்துவான். உனக்கு வீட்டுல ஃபேன் ஓடணும்லா?"

"காசி செத்தது உனக்குத் தெரியுமா?"

"நீ சொன்னா தான தெரியும். ஒரு மாசம் போன எடுக்கல. எடுத்தப்பவும் சொன்னியா?"

"நான் ஒருத்திதான் அந்த மலையில மூச்சு விடுறேனா அண்ணே?"

கத்திவிட்டேன். மதினி வாசலில் வந்து நின்றாள். அம்மா உள்ளே இருந்து, "நல்ல நாளும் அதுவுமா" என்றாள். அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அங்கிருந்து ஆலையின் புகைபோக்கி தெரியும்.

"நீ என் பேரை எழுதாத," என்றான் கடைசியில். "நீ சொன்னா நான் காட்டிக்கொடுக்கப்பட்டவன். நானா வந்து சொன்னா சாட்சி. நானே வாரேன்."

நம்பவில்லை. நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். சாப்பிடாமல் கிளம்பினேன்.

ஜூலை 12, புதன்

அவன் வந்தான்.

ஆலைத் தரப்பு வக்கீல் நான் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அண்ணன் எழுந்து நின்றான். பெயர், பதவி, எந்தெந்த நாட்களில் கந்தகம் வடிக்கும் அமைப்பை மூடிவிட்டு ஓட்டினார்கள், யார் உத்தரவு. தடுமாறாமல் சொன்னான். சாட்சி சொல்லப் போகிறான் என்று தெரிந்து போன வாரமே அவனைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை.

இடைக்கால உத்தரவு இன்றே வந்தது. அந்த அமைப்பு இல்லாமல் ஆலையின் எந்த யூனிட்டும் ஓடக் கூடாது. பனிக்கோம்பை நிலையத்தைத் திறந்து, அழித்த அளவுகளை மீட்டுத் தர வேண்டும். காசியின் சாவுக்குப் பொறுப்பு யார் என்பதைத் தனியாக விசாரிக்கலாம். அதற்குத் தேதி பிறகு.

வெளியே வராந்தாவில் ஒச்சம்மா நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் தயங்கித் தயங்கி அவளிடம் போனான். கைகூப்பினான்.

"இவுகதானா ஒங்க அண்ணன்?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமா ஒச்சம்மா."

"அம்மா, என்னால முடிஞ்சதை இன்னைக்குச் சொல்லிட்டேன்," என்றான் அண்ணன். "முன்னாடியே சொல்லியிருக்கணும்."

ஒச்சம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"தங்கச்சி மேல பாசம். போனப் போட்டு எறங்கி வரச் சொன்னீக. அதுல தப்பில்ல." முந்தானையை இழுத்துச் செருகினாள். "எங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒரு போன் இருந்துச்சு சார்."

அண்ணனின் கைகள் கூப்பியபடியே நின்றன. அவன் என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்லேன் என்பது போல.

நான் ஒச்சம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன்.